காற்றாடிக் கணக்கு

ஜூன் 9, திங்கள்

லீவில் தொடங்கிய கணக்கு மனதை விட்டுப் போகவில்லை. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் எதுவானாலும் இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம்: 13 = 9 + 4, 41 = 25 + 16. பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640 டிசம்பர் 25 அன்று சக கணிதர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொன்னார், நிரூபணம் தரவில்லை. ஆய்லர் நிரூபித்தது 1749-இல். டான் ஸாகியர் 1990-இல் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

ஃபெர்மா துலூஸ் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர், பிள்ளைகுட்டிக்காரர். கணிதமெல்லாம் மிச்ச நேரத்தில்தான். அதை நினைத்தால் தெம்பாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்

மூன்றாம் பீரியட் ஓய்வு. உட்கார்ந்ததும் ஏழாம் வகுப்புக்குப் போகச் சொல்லி ஆள் வந்தது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கிடைப்பதை வைத்துப் பேப்பர் திருத்தலாம். இதற்கு அது போதாது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 14, சனி

முற்றத்தைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தேன். "சும்மாதானே இருக்கே, இந்தக் கீரையை ஆய்ஞ்சு குடும்மா" என்றார் அத்தை. அவர்மேல் தப்பில்லை. கையில் பேப்பர் கட்டு இருந்தால் வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. யோசிப்பது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். பெண்களுக்கு இது இன்னும் அதிகம். கை சும்மா இருந்தால் ஆள் சும்மா இருப்பதாகவே கணக்கு.

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "அத்தை, ஒரு கணக்கை யோசிச்சிட்டிருக்கேன். முடிச்சுட்டு வரேன்." "அப்படியா, சரி" என்று முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கணவரிடமும் பேசிவிட்டேன். ஞாயிறு காலை ஏழிலிருந்து எட்டரை வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு.

ஜூன் 15, ஞாயிறு

ஸாகியரின் வாக்கியத்தைப் படமாகப் போட்டுப் பார்த்தேன். நடுவில் ஒரு சதுரம், சுற்றிலும் ஒரே அளவில் நான்கு செவ்வகம்: அதுதான் காற்றாடி. ஓர் எண்ணுக்கு அத்தனை கட்டங்களில் எத்தனை காற்றாடி போடலாம் என்று எண்ண வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் 13 கட்டங்கள். நடுவில் ஒன்று, நான்கு பக்கமும் மூன்று கட்ட நீளத்தில் ஒவ்வொரு பட்டை, பக்கத்தை ஒட்டிப் படுத்து ஒரு முனை நீண்டபடி, காற்றாடி இறக்கைபோல. உள்கோடுகளை அழித்துவிட்டு வெளிக்கோட்டை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளேயே 3×3 சதுரமும், அதை ஒட்டி நான்கு ஒற்றைக் கட்டங்களும் இருக்கின்றன! ஒரே உருவம், இரண்டு காற்றாடி. இப்படித்தான் ஜோடி சேர்கின்றன. கூட்டல்குறி வடிவில் இருப்பது மட்டும் ஜோடியில்லாமல் நிற்கிறது. ஆக, காற்றாடிகளின் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படை.

இனி இறக்கையின் நீளத்தையும் அகலத்தையும் மாற்றிப்போட்டு ஜோடி சேர்த்தால்? ஒற்றைப்படை என்பதால் ஒன்றாவது மிஞ்சும். மிஞ்சுவதில் நீளமும் அகலமும் சமம், அதாவது இறக்கைகள் சதுரம். நான்கையும் சேர்த்தால் ஒரு பெரிய சதுரம், நடுவில் இருப்பது இன்னொன்று. 9 + 4.

மணி எட்டரை ஆனதே தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

பகா எண் என்ற நிபந்தனை எங்கே தேவைப்படுகிறது என்று பஸ்ஸில் பிடிபட்டது. கூட்டல்குறிக் காற்றாடியில் நடுச்சதுரத்தின் பக்கம் அந்த எண்ணையே வகுக்கும். பகா எண்ணுக்கு அது 1 மட்டும்தான்; அதனால் ஒரே ஒரு கூட்டல்குறி. 21-க்கு 1, 3 என இரண்டு உண்டு. வரைந்து பார்த்தேன்: மொத்தம் நான்கு காற்றாடிகள், இரட்டைப்படை. 21-ஐ இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்கவும் முடியாது.