கொப்பியையும் கொண்டு போங்க

"நான் சொன்ன அந்த வரியப் படத்தில இருந்து எடுத்துப்போடுங்க தம்பி" என்று அந்த அக்கா சொன்னபோது நான் அடுத்த காட்சியின் வசனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பார்ப்பம் அக்கா" என்றேன். பார்ப்பம் என்றால் நம்மூரில் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

எங்களுடையது பகிடிப் படம். 2018இல், இலங்கையில் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்ததே, அதில் பிறந்த கதை. கடன் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியதால் தள்ளுபடி கிடைக்காத மூன்று பெண்கள் லோன் கம்பனியையே கொள்ளையடிக்கக் கிளம்புகிறார்கள். மட்டக்களப்பு கல்லடியில் பூட்டிக் கிடந்த ஒரு கடையறைதான் கம்பனி. கமெரா, கலியாண வீடு எடுப்பவரிடம் இரவல். நோட்டை அச்சடித்து வழக்கில் மாட்டவேண்டாம் என்று பத்திரிகைத் தாளை வெட்டிக் கட்டி, மேலும் கீழும் மட்டும் உண்மையான ஐந்நூறு ரூபாத் தாள் வைத்தோம். ஒவ்வொரு டேக் முடியவும் அவற்றை எண்ணி வாங்குவது என் வேலை.

அக்கா வாடிக்கையாளராக நிலத்தில் குந்தியிருக்க வந்தவர். வசனம் கிடையாது. முதல் டேக்கில், காசை அள்ளிக்கொண்டு திரும்பியவளைப் பார்த்து, "புள்ள, அந்தக் கொப்பியையும் கொண்டு போங்க" என்றார். தவணை பதியும் கொப்பி. கமெராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கட் சொன்னதும் எல்லோரும் வெடித்துச் சிரித்தோம். அக்காவும்தான் சிரித்தார்.

பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையோடு என்னிடம் வந்தார். "அது என்ட கதை இல்ல தம்பி. எங்கட குழுவில ஒருத்தி, லோன்காரன் வாசல்ல குந்தியிருக்க, அழுது அழுது சொன்னது. காசில்ல, கொப்பியக் கொண்டு போங்க எண்டு. மறுகா அவள்ட தவணையையும் நாங்க நாலு பேரும்தான் கட்டினோம்." குழுக்கடன் அப்படித்தான், ஒருத்தி தவறினால் மற்றவர்கள் தலையில். "நான் அவளப் பகிடி பண்ணினதா நினைப்பாள்."

சம்பளம் 2,000 ரூபா. சில்லறை இல்லாததால் கட்டின் மேலிருந்த தாள்களில் நாலை எடுத்துக் கொடுத்தேன்.

எடிட்டுக்கு முன் இயக்குநர் கேட்டார், "அந்த அக்காவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே?" "இல்லண்ணே" என்றேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை.

என் பக்கம் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். படத்தில் யாருடைய பெயரும் வரவில்லை. நாங்கள் இரவிரவாக எழுதிய பகிடிகளில் பாதிக்குச் சனம் சிரிக்கவே இல்லை, அந்த ஒரு வரிதான் படத்தைத் தூக்கியது. சிரித்ததும் கடன்பட்ட பெண்கள்தானே? அழுதவளைப் பார்த்தா சிரித்தார்கள், லோன்காரனைப் பார்த்தல்லவா? இதைப் பலரிடம் விளக்கியிருக்கிறேன், நன்றாகவே விளக்குவேன். அக்காவிடம் மட்டும் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் சம்மதித்திருப்பாரோ என்னவோ. இயக்குநரிடம் சொல்லியிருந்தால் அவரும் வரியை எடுத்திருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும்.

திரையிட்ட அன்று வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து பஸ்ஸில் பெண்கள் வந்திருந்தார்கள். அக்காவும் வந்தார். பக்கத்தில் இன்னொரு பெண். அவள்தானா என்று நான் கேட்கவில்லை. அந்தக் காட்சி வருமுன் ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி உள்ளே சிரிப்பு எழுந்தது.

அந்த வரி இல்லாமல் இரண்டாவது டேக் ஒன்றும் எடுத்திருந்தோம். ஃபோகஸ் கொஞ்சம் போயிருந்தது என்று என் கொப்பியில் நானே குறித்து வைத்திருக்கிறேன். கொஞ்சம்தான்.