வோர்ம்ஸ்: யூதர் தெருவுக்கு முன்னால் கல்லறைத் தோட்டம்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள வோர்ம்ஸ் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேராக யூதர் தெருவுக்கே நடக்கிறார்கள். பழைய மதிலுக்கு வெளியே, தென்மேற்கில் இருக்கும் ‘ஹைலிகர் ஸாண்ட்’ என்ற யூதக் கல்லறைத் தோட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள். தெருவில் காண்பதில் பெரும்பகுதி இடிந்து மறுபடி எழுந்தது. இங்கேயோ 11ஆம் நூற்றாண்டுக் கற்கள்கூட நட்ட இடத்திலேயே நிற்கின்றன.

சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் வேண்டாம். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். உச்சி வெயிலில் மணற்கல்லின் எபிரேய எழுத்து மங்கித் தெரியும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் வரி வரியாக எழுந்து நிற்கும்.

இரட்டையாக நிற்கும் இரண்டு கற்களைத் தேடுங்கள். ஒன்று, அக்காலத்தின் பெரிய யூத மத அறிஞரான ரபி மெயிருடையது. 1286இல் ஹாப்ஸ்பர்க் அரசன் முதலாம் ருடால்ஃபின் ஆட்சியில் சிறைப்பட்ட அவர், 1293இல் சிறையிலேயே இறந்தார். உடலைத் தர 14 ஆண்டுகள் மறுத்தார்கள். 1307இல் அலெக்சாண்டர் பென் சாலமோன் என்ற யூதர் பெரும் பணம் கொடுத்து மீட்டார். பதிலுக்குக் கேட்டது, பக்கத்தில் தனக்கும் ஓர் இடம் மட்டும். இரண்டாவது கல் அவருடையது. மேலே வைத்திருக்கும் கூழாங்கற்களையும் வேண்டுதல் சீட்டுகளையும் தொடாதீர்கள்.

அங்கிருந்து வடகிழக்கில், நகரின் மறுகோடியில், வடக்கு மதிலை ஒட்டி வளைகிறது யூதர் தெரு. ஜெப ஆலயத்தின் வாசலருகே சுவரில் பதித்திருக்கும் கல்வெட்டு, 1034இல் எழுந்த முதல் ஆலயத்துக்கு யாக்கோபும் மனைவி ராகேலும் கொடுத்த கொடையைச் சொல்கிறது. இரட்டைத் தூண் கூடம் 1174-75ஐச் சேர்ந்தது. பெண்களுக்கான கூடம் 1212-13இல் சேர்ந்தது. 1349 படுகொலை, 1615 வெளியேற்றம், 1689 தீ என ஒவ்வொன்றுக்குப் பின்னும் அதே இடத்தில் எழுப்பினார்கள். 1938இல் நாஜிகள் எரித்தார்கள். போருக்கு நடுவே மிச்சத்தையும் தகர்த்தார்கள். இப்போது நிற்பது, இடிபாட்டில் மிஞ்சிய கற்களையும் சேர்த்து 1961இல் கட்டி முடித்தது. தேய்ந்த கல்லும் புதுக் கல்லும் சேரும் இடத்தைச் சுவரில் கவனித்துப் பாருங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாமே 12ஆம் நூற்றாண்டு என்று நம்பிப் போகிறவர்கள் அதிகம்.

‘ராஷி நாற்காலி’ இருக்கும் சிற்றறையிலும் அதே குழப்பம். வேத விளக்க அறிஞர் ராஷி இங்கே படித்தது 1060 வாக்கில். அந்தச் சிற்றறை கட்டியது 1624இல்.

முற்றத்தில் 1185-86இல் அமைத்த சடங்குக் குளியல் தொட்டி இருக்கிறது. குடத்தில் மொண்டு ஊற்றிய நீர் சடங்குக்கு ஆகாது. இயற்கையாக ஊறும் நீர் வேண்டும். அதனால்தான் நிலத்தடி நீர்மட்டம் வரை தரையைக் குடைந்து படிக்கட்டு இறக்கினார்கள். பழுதுபார்ப்புக்காக அடைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ராஷி இல்லத்தில் அருங்காட்சியகம் உண்டு. ஆனால் 1272ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வோர்ம்ஸ் பிரார்த்தனை ஏட்டின் அசல் அங்கே இல்லை. அது 1957 முதல் ஜெருசலேமில், தேசிய நூலகத்தில் இருக்கிறது.