கோவையில் பதினைந்து நாள் தங்கிப் பார்த்தோம்

போன மாதம் நானும் என் மனைவியும் கோயம்புத்தூரில், தடாகம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சீனியர் லிவிங் கம்யூனிட்டியில் பதினைந்து நாள் தங்கிவிட்டு வந்தோம். பணம் கட்டித்தான். வாங்குவதற்கு முன்னால் இருந்து பாருங்கள் என்று அவர்களே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, குறையும் கொஞ்சம் எழுதுவேன் என்பதால்.

எனக்கு 71, இவளுக்கு 67. தபால் துறையில் இருந்து நான் ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது. மகன் அமெரிக்கா, மகள் பெங்களூரு. திருச்சி கே.கே. நகரில் சொந்த வீடு, வாசலில் ஆறு படி. இந்த ஆறு படிதான் கதையின் ஆரம்பம். சித்திரையில் ஒரு நாள் காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனவன் மூன்றாவது படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எலும்பு ஒன்றும் உடையவில்லை. ஆனால் என்னைத் தூக்கிவிட இவளால் முடியவில்லை, எதிர்வீட்டுப் பையன் பல் தேய்த்துக்கொண்டே ஓடிவந்து தூக்கினான். அந்தப் பையனும் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான்.

மகளிடம் சொன்னதும் அன்றைக்கு ராத்திரியே நாலைந்து இடங்களின் விவரம் போனுக்கு வந்து இறங்கியது. எல்லாமே கோவை. ஏன் கோவை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, சிறுவாணித் தண்ணீர், பெரிய ஆஸ்பத்திரிகள், வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து இறங்க விமான நிலையம். இருபது வருஷத்துக்கும் மேலாக இந்த மாதிரிக் குடியிருப்புகள் அங்கே வந்துகொண்டிருக்கின்றன. அதனால் நடத்துகிறவர்களுக்கும் கை பழகியிருக்கிறது.

உறவில் செய்தி பரவியதும் ஒரே கேள்விதான், "முதியோர் இல்லமா?" இல்லை. ஆனால் அந்த வித்தியாசத்தை என் பெரியம்மா மகனுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இது தனித்தனி வீடு, நம் சாவி நம்மிடம், பூட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், சாப்பாடும் துப்புரவும் காவலும் நர்ஸும் அவர்கள் பொறுப்பு. "அதைத்தான்டா முதியோர் இல்லம்னு சொல்றோம்" என்றார் அவர். சரி, விட்டுவிட்டேன்.

வீட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்குமே படி கிடையாது, வாசல் சாய்தளம்தான். குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத டைல்ஸ், கட்டில் பக்கத்திலும் கழிவறையிலும் இழுத்தால் நர்ஸ் அறையில் மணியடிக்கும் சிவப்புக் கயிறு. குளியலறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே விழுந்து கிடப்பவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இதையெல்லாம் நம் வீடு கட்டும்போது எந்தக் கொத்தனார் யோசித்தார், நான்தான் யோசித்தேனா? 2019இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் ஓய்வுக்கால வீடுகளுக்கென்று மாதிரி வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது, அதிலும் இந்த மாதிரி விஷயங்கள் இருக்கின்றன. மாதிரி என்பதைக் கவனிக்கவும், மாநிலம் எடுத்துக்கொண்டால்தான் அதற்குப் பல். அதனால் விளம்பரத்தை நம்பாமல் நேரில் போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பதுதான் வழி.

இரண்டாம் நாள் இரவு வாட்ஸ்அப் குழுவில் செய்தி: "தெற்கு வேலிப் பக்கம் யானை, காலை ஏழு மணி வரை நடைப்பயிற்சி வேண்டாம்." எனக்கு ஒரே குஷி. ஜன்னலைத் திறந்து ரொம்ப நேரம் நின்றேன், தூரத்தில் வெடிச் சத்தம்தான் கேட்டது. மலையடிவாரத்தில், யானை நடமாடும் பக்கம் இடத்தை வாங்கிக் கட்டிவிட்டு யானை வருகிறது என்று புகார் எழுதும் பெரியவர்களும் அதே குழுவில் இருந்தார்கள்.

இப்போது சாப்பாடு. காலை ஏழரை முதல் ஒன்பது, மதியம் பன்னிரண்டு முதல் ஒன்றரை, மூன்றரைக்குக் காபி, இரவு ஏழு முதல் எட்டரை. சுத்தம், சூடு, காரம் மட்டும் கம்மி. ஆனால் சைவம் மட்டும்தான். முட்டைகூட டைனிங் ஹாலுக்குள் வராது. நான் பார்த்த நாலு இடத்தில் மூன்றில் இதுதான் நிலைமை. உங்கள் வீட்டு அடுப்பில் நீங்கள் என்ன வேண்டுமானாலும் சமைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொன்னார், சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை உறையூர் மார்க்கெட்டில் இருந்து அரைக் கிலோ கறி வாங்கி வந்து பழகியவனுக்கு இது சின்ன விஷயமில்லை. அதைவிட, பக்கத்து வீட்டுக் கதவு என் வீட்டு மீன் வாசத்துக்காக மூடப்படும் என்ற நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் மூடுவார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், குழந்தைச் சத்தம். பதினைந்து நாளில் ஒரு குழந்தை அழுது நான் கேட்கவில்லை. ஆறாவது நாளோ ஏழாவது நாளோதான் அது உறைத்தது. எங்கள் தெருவில் சாயங்காலம் கிரிக்கெட் பந்து கேட்டில் மோதும்போது நான் கத்துவேன், அந்தக் கத்தலுக்கே ஆள் இல்லாத இடம் இது. எல்லோரும் நம் வயசு, பேச்சு சர்க்கரை அளவில் தொடங்கிப் பேரனின் விசாவில் முடிகிறது. நல்ல மனிதர்கள்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரோடு தினமும் கேரம் ஆடினேன், ஏமாற்றுவார்.

பத்தாம் நாள் ஒருவர் இறந்துபோனார். எங்கள் வரிசையில் கடைசி வீடு, 84 வயது. நான் இரண்டு முறை வணக்கம் சொல்லியிருக்கிறேன். மகன் வெளிநாட்டில் இருந்து வரும் வரை ஃப்ரீசர் பெட்டி, அதற்கான மின்சாரம், சான்றிதழுக்கு டாக்டர், வண்டி, எல்லாவற்றையும் நிர்வாகமே பார்த்துக்கொண்டது. யாரும் பதறவில்லை, போன் போட்டுக் கொண்டு ஓடவில்லை. அன்று இரவு மெனுவில் இருந்த கேசரியை மட்டும் நிறுத்தினார்கள். மறுநாள் காலை அவருடைய மேஜையில் மூன்று பேர் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள், நாலாவது நாற்காலி அப்படியே இருந்தது. அந்த ஒழுங்கு எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. இவள் ஒன்றும் சொல்லவில்லை, இறந்தவரின் மனைவியோடு போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

அன்றைக்குத்தான் ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தேன். முப்பத்தாறு பக்கம், தபால்காரன் புத்தியில் ஒரு வரி விடாமல். இரண்டு படுக்கையறை வீடு 65 லட்சம். பராமரிப்பு மாதம் 14,000, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 2,520. குடியிருப்போர் சங்கம் நடத்தும் சாதாரண அபார்ட்மென்ட்டில் மாதம் 7,500 வரை அந்த வரி கிடையாது, இங்கே தொகையும் அதிகம், நடத்துவதும் நிறுவனம். சாப்பாடு தலைக்கு 8,500, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். ஆக இருவருக்கும் 33,520. என் பென்ஷன் சுமார் 48,000, ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளும் கம்யூட்டேஷனுக்கான பிடித்தம் கிடையாது. இன்றைக்குச் சமாளிக்கலாம்.

ஆனால் நான் போய்விட்டால்? மத்திய அரசுக் கணக்கில் எனக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, இவளுக்குக் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். நான் 67 வயசைத் தாண்டிவிட்டதால் எனக்குப் பின் இவளுக்குக் கூடுதல் விகிதமும் கிடையாது. அதாவது என் 48,000 இவளுக்கு 28,800 ஆகும். ஒரு ஆளுக்கான செலவு 25,020. மிச்சம் 3,780, அதில் மருந்து, கரண்ட், போன், நல்லது கெட்டது எல்லாம். பராமரிப்புக் கட்டணம் வருஷத்துக்கு 8 சதவீதம் வரை உயரலாம் என்று இருபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அப்படியே உயர்ந்தால் ஒன்பது வருஷத்தில் இரண்டு மடங்கு. அகவிலைப்படியும் ஏறும், 80 வயதில் 20 சதவீதம் கூடுதலாகவும் வரும். இருந்தாலும் இந்தக் கணக்கை இருவருக்காகப் போடக் கூடாது. மிஞ்சப் போகிறவருக்காகப் போட வேண்டும். விற்பனை அலுவலகத்தில் எனக்குக் காட்டிய கணக்கு முழுக்க இருவருக்கானது.

இன்னும் இரண்டு விஷயம் அதே முப்பத்தாறு பக்கத்தில். ஒன்று, வீடு நம் பெயரில் பத்திரப்பதிவு ஆகும், பிள்ளைகளுக்கும் போகும், ஆனால் 55 வயதுக்குக் கீழே யாரும் குடியிருக்க முடியாது. அப்படியென்றால் விற்கும்போதும் வாங்க வருகிறவர் கூட்டம் சின்னது. வாங்குகிறவருக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் போகும், நிறுவனத்துக்கு மாற்றுக் கட்டணம் தனி. இரண்டு, "சுயமாக இயங்க இயலாத நிலை" வந்தால் நம் செலவில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பராமரிப்புப் பிரிவுக்கு மாற வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், இடம் காலியாக இருந்தால். மறதி நோய்க்கு அங்கே வசதி இல்லை என்று மேனேஜர் நேராகச் சொல்லிவிட்டார், அந்த நேர்மைக்கு நன்றி. அப்படியானால் நாம் எதற்காகப் பயந்து இங்கே வருகிறோமோ அந்த நாள் வந்தால், வேறு இடம் தேடவேண்டி வரலாம். இது என்னை ரொம்ப நேரம் தூங்கவிடவில்லை.

பாதகப் பட்டியல் நீளமாகிவிட்டது, போக வேண்டாம் என்று முடிவே செய்துவிட்டேன். ஜன சதாப்தியில் திரும்பி வரும்போது, கரூர் தாண்டியதும், மனசில் இருந்ததை எல்லாம் இவளிடம் வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், "இந்தப் பதினஞ்சு நாள்ல நான் காலையில எத்தனை மணிக்கு எந்திரிச்சேன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

"ஏழு மணிக்கு. நாப்பத்தி நாலு வருஷத்துல பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனப்ப மட்டும்தான் அப்படித் தூங்கியிருக்கேன்."

நான் என் பட்டியலை நினைத்துப் பார்த்தேன். யானை இருந்தது, ஜி.எஸ்.டி. இருந்தது, மீன் வாசம் இருந்தது. அடுப்பு இல்லை. மதியத்துக்கு என்ன, ராத்திரிக்கு என்ன, மாவு இருக்கா, காய் இருக்கா என்று 44 வருஷமாக ஒருத்தி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது என் கணக்கில் எந்தப் பக்கத்திலும் வரவில்லை. நான் 60 வயதில் ஓய்வு பெற்றேன், மாலை போட்டுப் பிரிவுபசாரம் நடத்தினார்கள். இவளுக்கு அந்தத் தேதி இன்னும் வரவே இல்லை. வீட்டிலேயே சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்று நான் சொன்னதற்கும் பதில் வைத்திருந்தாள்: ஆள் வராத நாளில் யார் சமைப்பது? காய்க்குச் சொல்வது, உப்புப் பார்ப்பது, லீவு கேட்டால் கொடுப்பது, அது வேலை இல்லையா?

இன்னொன்றும் சொன்னாள். கணவர் போன அந்த அம்மாள் இவளிடம் சொன்னாராம், "நாளைக்கும் காலையில மணியடிச்சா நான் சாப்பிடப் போகணும்ல, அது ஒண்ணுதான் இப்ப பிடிமானம்." தனி வீட்டில் அந்த மணியை யார் அடிப்பார்கள் என்று இவள் கேட்டாள். என் கணக்கில் மிஞ்சுகிறவருக்குப் பணம் போதுமா என்று பார்த்தேன், அவருக்கு மறுநாள் காலை எப்படி விடியும் என்று பார்க்கவில்லை.

ஆனாலும் 65 லட்சத்தைக் கொண்டுபோய்க் கொட்ட எனக்கு மனசில்லை. அதற்குத் திருச்சி வீட்டை விற்க வேண்டும், விற்றுவிட்டால் திரும்பி வர இடமில்லை. மகளும் விற்காதீர்கள் என்றாள். ஒரு நாள் முழுக்கப் பேசி, அங்கேயே வாடகைக்கு ஒரு படுக்கையறை வீடு கேட்டோம். சொந்தமாக வாங்கியவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருப்பதால் அப்படி வீடுகள் கிடைக்கின்றன. ஆறு மாதம், தையில் இருந்து ஆனி வரை. பராமரிப்பையும் வாடகையையும் சேர்த்தால் பென்ஷனில் கிட்டத்தட்ட முழுசும் போய்விடும், ஆறு மாதம்தானே. யாராவது இதே யோசனையில் இருந்தால் என் ஆலோசனையும் இதுதான்: முதலில் வாடகைக்குப் போங்கள், அதுவும் பதினைந்து நாள் போதாது. பதினைந்து நாளுக்கு எல்லா ஊரும் விருந்தாளி ஊர்தான். ஒரு காய்ச்சல், ஒரு பண்டிகை, நிர்வாகத்தோடு ஒரு சண்டையாவது வந்து போக வேண்டும்.

சாமான் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். கிரைண்டர் வேண்டாம், தோசைக்கல் வேண்டாம், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு கெட்டில் போதும் என்கிறாள். பரண் மேல் இருக்கும் மீன்குழம்புச் சட்டியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்கோங்க, நீங்கதானே வைக்கப் போறீங்க" என்றாள்.