காத்தாடியும் ராடாரும்

நான் ஆரல்வாய்மொழிக்காரன், பல ஆண்டுகளாகப் பெங்களூரு சி.வி.ராமன் நகரில் குடியிருக்கிறேன். எங்கள் ஊரில் காற்றாலையைக் காத்தாடி என்றுதான் சொல்வோம். வைகாசியில் கணவாய்க் காற்று இறங்கியதும் முப்பந்தல் முழுக்கக் காத்தாடிகள் ஒருசேரச் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அவற்றால் நாட்டின் பாதுகாப்புக்கு இடைஞ்சல் வரக்கூடும் என்று தோன்றியதே இல்லை. அதைப் புரியவைத்தவர், ராடார் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற எங்கள் கீழ்வீட்டு ஐயா.

மலையும் கட்டடமும் அசையாமல் நிற்பதால் ராடார் அவற்றைக் கழித்துவிடும், அசைவதைத்தான் அது தேடுகிறது என்று சொல்லிவிட்டு, கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டார். 60 மீட்டர் நீளமுள்ள இறக்கை நிமிடத்துக்கு 12 முறை சுற்றினால், அதன் நுனி மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. "சின்ன விமானம் போகிற வேகம் தம்பி. ராடார் இதை எப்படிக் கழிக்கும்?" என்றார். ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம். நூறு காத்தாடிகள் ஒரே இடத்தில் நின்றால் திரையில் அந்தப் பகுதியே பொய்ப்புள்ளிகளால் நிறைந்துவிடும், தாழப் பறந்து வரும் ஏவுகணையோ ட்ரோனோ அதற்குள் மறைந்துகொள்ளும்.

2024 நவம்பரில் சுவீடன் அரசு பால்டிக் கடலில் 13 காற்றாலைத் திட்டங்களை ஒரே நாளில் நிராகரித்ததற்கு இதுவே காரணம். ஏவுகணை வருவதை அறிந்து செயல்படக் கிடைக்கும் இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகக் குறைந்துவிடும் என்று அந்நாட்டு ராணுவம் சொன்னது. அந்த ஒரு நிமிடத்தின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வும் வடிவமைப்பும் முடித்துக் காத்திருந்த பிறகு வரும் மறுப்பு, பணத்தை மட்டுமல்லாமல், அனல்மின்சாரத்தைக் குறைக்க வேண்டிய ஆண்டுகளையும் சேர்த்தே விழுங்குகிறது. பிரிட்டனில் நார்ஃபோக் கடற்கரையில் உள்ள டிரிமிங்ஹாம் ராடார் நிலையத்துக்கு, இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கக்கூடிய புது ராடார் காற்றாலை நிறுவனங்களின் பணத்திலேயே வாங்கப்பட்டது. அப்படியும் ஒரு வழி உண்டு.

நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. தமிழகம், குஜராத் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்காக 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. 2015-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, பாதுகாப்பு அமைச்சகத்தின் இசைவு இல்லாமல் கடலில் ஒரு தூண்கூட நட முடியாது; அது சரியான ஏற்பாடு. அந்த இசைவோ மறுப்போ, கடற்பகுதி ஏலத்துக்கு வருவதற்கு முன்பே உறுதியாகிவிட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ராடார் இருக்கும் இடங்களை ராணுவம் வெளியிட முடியாதே என்று கேட்கலாம். வெளியிட வேண்டியதில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. காற்றாலை நிறுவனங்கள் முறையான விண்ணப்பம் போடும் முன்பே, காத்தாடி நிற்கப்போகும் இடத்தையும் அதன் உயரத்தையும் சொல்லி அந்தப் பிரிவிடம் கருத்துக் கேட்கலாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மன்னார் வளைகுடா வரைபடத்தை ஐயாவின் முன் விரித்து, எந்த இடம் ஆகாது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அதை நான் சொல்லக்கூடாது தம்பி. ஆனால் சொல்ல வேண்டியவர்கள் இப்போதே சொல்லிவிட வேண்டும்" என்றார்.