கிரியாட்டினின் 1.1: அம்மாவின் இரத்தப் பரிசோதனைக் குறிப்புகள்

2025 மார்ச் 3, திங்கள்

அம்மாவுக்கு 76 வயது. இரத்த அழுத்தத்துக்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள் உடம்பில் எந்தத் தொல்லையும் தெரியாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரகத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதால், இன்று காலை இரத்தம் கொடுத்தோம். மாலையில் அறிக்கை வந்தது. கிரியாட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 1.1 மில்லிகிராம், அச்சிட்டிருந்த இயல்பு வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த வரியில், சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடான இ.ஜி.எஃப்.ஆர். 52 என்று போட்டிருக்கிறது. அந்த இரண்டாவது எண் 60-க்குக் கீழே இறங்கியிருப்பதுதான் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது.

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுவதும் இந்த இரண்டு எண்களைப் பற்றியே படித்தேன். கிரியாட்டினின் என்பது தசைகள் இயங்குகையில் ஏறத்தாழ ஒரே சீராக உண்டாகி இரத்தத்தில் கலக்கும் கழிவு. அதைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறைந்தால் அது இரத்தத்தில் தேங்கும். ஆகவே இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியேறும் வேகம் மட்டுமல்லாமல், உண்டாகும் அளவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. தசை குறைந்த முதியவருக்குக் கிரியாட்டினின் குறைவாகவே உண்டாவதால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் இயல்பாகத் தோன்றும். வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போகும் வரைகூட அது வரம்பைத் தாண்டாமல் இருக்கலாம் என்பதைப் படித்தபோது, இந்த ஒரே எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்த எத்தனையோ குடும்பங்களை நினைத்து மனம் கனத்தது.

இந்தக் குறையை ஈடுசெய்யவே வயதையும் பாலினத்தையும் சேர்த்து, வடிகட்டும் வேகத்தை மதிப்பிடும் சூத்திரம் இருக்கிறது. 2021-இல் வெளியான சி.கே.டி.-எப்பி சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தேன். அதே 1.1, 25 வயது ஆணுக்கு ஏறத்தாழ 95 என்று வருகிறது; அம்மாவுக்கு 52. இரத்தத்தில் ஒரே அளவு இருந்தும் இருவரின் நிலைக்கும் இவ்வளவு தூரம்.

மார்ச் 10, திங்கள்

மருத்துவரைப் பார்த்தோம். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்லிவிட முடியாது என்றும், குறைவு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் அவர் விளக்கினார். உடலில் நீர் வற்றியிருந்தாலும், முந்தைய நாள் இறைச்சி நிறையச் சாப்பிட்டிருந்தாலும், டிரைமெத்தோபிரிம் போன்ற சில மருந்துகளை எடுத்திருந்தாலும் கிரியாட்டினின் தற்காலிகமாக உயரக்கூடுமாம். பிறகு அம்மாவிடம், "முட்டிவலிக்கு என்ன மாத்திரை போடுறீங்கம்மா?" என்று கேட்டார். டைக்ளோஃபெனாக் என்றதும் அதை உடனே நிறுத்தச் சொன்னார். அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. பரிசோதனை முடிவை விடவும் இந்தக் கேள்விதான் இன்றைய பெரும்பயன் என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 12, புதன்

சிறுநீரில் அல்புமின் என்னும் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் ஒரு கிராமுக்கு 18 மில்லிகிராம். 30-க்குக் கீழே இருப்பதால் கவலைப்படும் அளவுக்குப் புரதம் கசியவில்லை. இரத்தப் பரிசோதனை, வடிகட்டும் வேகத்தை மட்டுமே சொல்லும். வடிகட்டியே சேதமடைந்து கசிகிறதா என்பதைச் சிறுநீர்தான் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எவரும் திருப்தி அடையக் கூடாது.

ஜூன் 9, திங்கள்

மீண்டும் இரத்தம் கொடுத்தோம். அம்மா மெலிந்தவர் என்பதால், தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்னும் புரதத்தையும் இம்முறை அளக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். கிரியாட்டினினை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இ.ஜி.எஃப்.ஆர். 54. இரண்டையும் சேர்த்தால் 47. முதல் எண்ணைப் பார்த்துத் தேறிவருகிறார் என்று மகிழ மனம் விரும்புகிறது. ஆனால் இரண்டாவதே உண்மைக்கு நெருக்கமானது.

ஜூன் 12, வியாழன்

மருத்துவர் இதை நாள்பட்ட சிறுநீரக நோயின் 3ஏ நிலை என்றார். 45 முதல் 59 வரையிலான மதிப்பு அதில் அடங்கும். டயாலிசிஸ் வேண்டியிருக்குமோ என்று அம்மா பயந்திருந்தார். அந்தப் பேச்சு பெரும்பாலும் 15-க்குக் கீழே சென்ற பிறகுதான் எழும் என்றும், இந்த நிலையில் உள்ள முதியவர்களில் பெரும்பாலோர் அதுவரை செல்வதே இல்லை என்றும் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னதில் அம்மாவின் முகம் தெளிந்தது. இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மாற்றியிருக்கிறார். முட்டிவலிக்குப் பாராசிட்டமால் போதும் என்றார். இனி எந்த மருத்துவரிடம் போனாலும், ஸ்கேனுக்குச் சாய ஊசி போடுவதற்கு முன்பும், இந்த 47-ஐச் சொல்ல வேண்டும். ஏனெனில் பல மருந்துகளின் அளவு அதைப் பொறுத்தே அமைகிறது. எண்ணையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் மருந்துப் பையில் வைத்துவிட்டேன். அடுத்த பரிசோதனை டிசம்பரில். இரத்தமும் சிறுநீரும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும்.