கேப் பிரெட்டன் மலையில், 14 வருடம் கழித்து

ஸ்மோக்கி மலையில் வண்டி ஏறும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் கடல் தெரியும், அடுத்த வளைவில் மறைந்துவிடும். பக்கத்தில் இருந்த மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். 2009-ல் இதே சாலையில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தவள் அவள். அப்போது வயது 6. இந்த முறை, 2023 ஆகஸ்டில், அவளும் தனக்கென்று ஒரு கோல்ஃப் பை கொண்டு வந்திருந்தாள்.

நாங்கள் போனது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், இங்கோனிஷ் என்ற சிற்றூரில் இருக்கும் ஹைலேண்ட்ஸ் லிங்க்ஸ் மைதானத்துக்கு. டொராண்டோவில் இருந்து சிட்னி வரை விமானம் (கேப் பிரெட்டன் தீவிலும் ஒரு சிட்னி இருக்கிறது), அங்கிருந்து வாடகைக் கார்.

மைதானம் இருப்பது கேப் பிரெட்டன் ஹைலேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள். முதல் முறை போனபோது அதை நடத்தியது அந்தப் பூங்கா நிர்வாகம். 2015-ல் மைதானத்தை ஒன்டாரியோவைச் சேர்ந்த தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நிலம் பூங்காவுடையது, நடத்துவது வேறு ஆள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசே சரியில்லை. கோல்ஃப் வண்டியில் ஏறாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து ஆடுகிறவனுக்கு இனி அங்கே இடம் இருக்குமா என்பதுதான் என் கவலை. ஏனென்றால் இது நடப்பதற்கென்றே போட்ட மைதானம். 18 குழிகளையும் (முதல் அடி அடிக்கும் இடத்தில் இருந்து பந்து விழ வேண்டிய குழி வரை உள்ள முழுத் தூரத்தையும் சேர்த்துத்தான் ஒரு 'குழி' என்போம்) முடிக்கும்போது சுமார் 10 கிலோமீட்டர் நடந்திருப்போம்.

இதை வடிவமைத்தவர் ஸ்டான்லி தாம்சன். பான்ஃப் மலைகளில் மைதானம் அமைத்துப் பேர் வாங்கியவர். 1936-ல் தேசியப் பூங்கா உருவானது. அதையொட்டி வேலை தொடங்கி 1941-ல் ஆட்டத்துக்குத் திறந்தார்கள். வேலையில்லாமல் கிடந்த உள்ளூர் ஆட்களுக்கு அது பிழைப்பாக இருந்தது. பெரும்பாலும் கையாலும் குதிரைகளாலும் முடித்த வேலை. அந்தப் பூங்காவுக்காக நிலத்தை இழந்த குடும்பங்களும் இதே ஊரில் உண்டு. இவ்வளவு அழகான இடத்தைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

கவுன்டரில் இருந்த பெண்ணிடம் முதலில் கேட்டது, "நடந்து ஆடலாமா?" என்பதைத்தான். "தாராளமாக" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளச் சொன்னார். கட்டணம் கூடியிருந்தது. ஆனால் அந்த ஒரு பதிலிலேயே பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

தாம்சன் மண்ணை அதிகம் புரட்டாமல், நிலம் எப்படிக் கிடந்ததோ அப்படியே புல் வளர்த்தவர். அதனால் ஃபேர்வே, அதாவது பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்வெளிப் பாதை, முழுக்க அலை அலையாக மேடும் பள்ளமும். ஏழாம் குழியில் அதை நன்றாகப் பார்க்கலாம். 570 யார்ட், இரண்டு பக்கமும் காடு. பேர் கில்லிகிராங்கி, ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு குறுகிய கணவாயின் பேர். மகள் நேராக நடுவில் அடித்தாள். பந்து ஒரு மேட்டில் பட்டு, இடது பக்கம் நழுவி, ஒரு சின்னக் குழிவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. போய்ப் பார்த்தால் பந்து அவளுடைய காலுக்கு ஒரு சாண் கீழே. முட்டியை மடக்கி, இடுப்பை இறக்கி, மூன்று முறை நின்று பார்த்து அடித்தாள். "அப்பா, இங்க சமமான தரையே கிடையாதா?" என்றாள். முதல் அடி அடிக்கிற இடத்தை விட்டால் பெரும்பாலும் கிடையாது.

குழிகளின் பேர்களே ஒரு தனி ருசி. எல்லாம் ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கு. பத்தாவது 'கடிஸ் லக்ஸ்', அதாவது கழுதைக் காது. பதினைந்தாவது 'டாட்டி போகிள்', நம் ஊர் சோளக்கொல்லை பொம்மை மாதிரி உருளைக்கிழங்கு வயலில் நிறுத்துவது. ஆறாவது ஒரு வாயகன்ற பெண்ணின் பேர்: மாடு திருடப் போய் மாட்டிக்கொண்டவனிடம், அவளைக் கட்டிக்கொள்கிறாயா, தூக்கில் தொங்குகிறாயா என்று கேட்டார்களாம். அவன் கல்யாண முடிச்சையே போட்டுக்கொண்டான். ஸ்கோர் கார்டை வைத்துக்கொண்டு நடந்து நடந்தே எல்லாக் கதையையும் சொல்லி முடித்தேன்.

பன்னிரண்டாவது முடிந்து பதின்மூன்றாவதுக்குப் போகிற வழிதான் எனக்கு உயிர். கிளைபர்ன் ஆற்றை ஒட்டி நல்ல தூரம் நடக்க வேண்டும். ஆட்டம் இல்லை, ஸ்கோர் இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். ஆற்றுக் கற்கள் அடிவரை தெளிவாகத் தெரிந்தன. 2009-ல் இதே வழியில் மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு ஆற்றில் கால் நனைத்தார். அவர் இப்போது இல்லை. மகளும் எதுவும் கேட்காமல் ஷூவைக் கழற்றி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். பின்னால் வந்த நால்வரை முன்னே போகச் சொல்லிவிட்டோம்.

மாற்றம் என்று நான் முதலில் கவனித்தது மரங்களைத்தான். அப்போது பல இடங்களில் காடு நெருக்கி வந்து பார்வையை மறைத்திருந்தது. இப்போது பதினைந்தாவதின் உச்சியில் நின்றால், சரிவுக்கு அப்பால் கடலும் தீவும் அப்படியே கண்ணுக்குள் வருகின்றன. இதன் பெருமையைப் புது நிர்வாகத்துக்கு மட்டும் கொடுக்க முடியாது. இயன் ஆண்ட்ரூ என்ற வடிவமைப்பாளரை வைத்து, கை மாறுவதற்கு முன்பே பூங்கா நிர்வாகம் தொடங்கிய சீரமைப்பு அது. வந்தவர்கள் அதைக் கெடுக்காமல் வைத்திருக்கிறார்கள். குத்தகைக்கு எடுத்தவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதுதான்.

கடைசிக் குழியின் பேர் 'ஹேம் நூ'. வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். மகள் கடைசிப் பந்தைக் குழியில் தள்ளிவிட்டு, கொடியைத் திரும்ப நட்டுவிட்டு, "காலையில எத்தனை மணிக்கு இடம் இருக்குன்னு கேக்கலாமா?" என்றாள். 7:20-க்கு இரண்டு பேருக்கு இருந்தது. பதிவு செய்த பிறகுதான் ஷூவைக் கழற்றினோம்.