அடுத்த மாதம் எங்கே இருப்பாய்?

நான் சொன்னது ஒரே ஓர் ஊர்ப்பெயர். போன் நம்பர் கொடுக்கவில்லை, கார்டு கொடுக்கவில்லை, அங்கே வாருங்கள் என்று அழைக்கவும் இல்லை. பார்லரில் என்னிடம் தலைக்குக் கலர் போட்டுக்கொள்ளும் டீச்சர் கேட்டார், "உறையூரில்" என்றேன். டவல் அலமாரியை ஒட்டி, பார்லர் முதலாளியான மேடம் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்துவிட்டது என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

பார்லர் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கும் பெண்கள் எல்லோருக்கும் இந்தக் கட்டம் வருகிறது. சிலர் விலகுவதற்கு முன்பே கஸ்டமர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள். நான் அந்த நோட்டைத் தொடவில்லை. விலகப் போகிறேன் என்று சொன்ன அன்று மேடம் தடுக்கவும் இல்லை, அழவும் இல்லை. "போ, நன்றாக இரு. ஆனால் கஸ்டமர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் போ" என்றார். "சரி மேடம்" என்று தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்கும் "உறையூரில்" என்ற சொல்லுக்கும் நடுவில்தான் இன்றுவரை என் மனம் போய்ப் போய் வருகிறது.

டீச்சருக்கு மாதம் ஒருமுறை டச்-அப், அதாவது புதிதாக வளர்ந்த நரைக்கு மட்டும் கலர். நெற்றியிலும் காதோரத்திலும் நரை அதிகம். அந்த இடத்து முடி தடித்தது, கலர் எளிதில் பிடிக்காது. அதனால் அவருக்கு மட்டும் பின்தலையில் ஆரம்பிக்காமல் நெற்றியில் ஆரம்பிப்பேன். கலரில் 4-ம் எண்ணும் அதைவிட வெளிறிய 5-ம் எண்ணும் சரிபாதி, அதோடு கலக்க 20 வால்யூம் டெவலப்பர், 35 நிமிடம். அன்றைக்கும் நெற்றி விளிம்பில் வாசலின் தடவி, வகிடு வகிடாகப் பிரித்துப் பிரஷ்ஷால் பூசிக்கொண்டிருந்தேன். "அடுத்த மாதம் பேத்திக்கு ஆண்டு நிறைவு. அதற்கு முந்தின வாரம் வந்துவிடட்டுமா?" என்று கேட்டார். "வாருங்கள் டீச்சர்" என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது, கடை திறந்துதான் இருக்கும். நான், "அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன் டீச்சர்" என்றேன்.

"லீவா?"

"இல்லை."

கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். "பிறகு எங்கே இருப்பாய்?"

இந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "இன்னும் முடிவாகவில்லை" என்றால் பச்சைப் பொய். உறையூரில் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து, கண்ணாடிக்கு அளவும் எடுத்தாகிவிட்டது. "மேடத்திடம் கேளுங்கள்" என்றால் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுவதாகும். சிரித்து மழுப்பியிருக்கலாம். மழுப்ப எனக்கு வரவில்லை. தலையை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷி அவர்.

டீச்சரின் தலைக்கு ஒரு வரலாறு உண்டு. எங்களிடம் வருவதற்கு முன் எங்கேயோ 'கருப்பு மருதாணி' என்று போட்டுக்கொண்டு, நெற்றியெல்லாம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் கிடந்திருக்கிறார். மருதாணி இலை தானாக அப்படிக் கருக்காது. அந்தப் பொடிகளில் பிபிடி என்கிற ரசாயனத்தைக் கலக்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் கருப்பு, பழுப்பு ஹேர் டைகள் பலவற்றிலும் அது உண்டு. ஒருமுறை அது ஒருவருக்கு ஒவ்வாமல் போனால் அடுத்த முறை இன்னும் மோசமாகப் போகலாம். பிபிடி இல்லாத கலர் ஒன்றைத் தேடிப் பிடித்து, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, 48 மணி நேரம் பார்த்த பிறகே அவர் தலையில் பூசினேன். நான் போன பிறகு புதிதாக வரும் பெண் அலமாரியில் கைக்கு வந்த டியூபை எடுத்தால் என்ன ஆகும்? அதனால்தான் சொன்னேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் டீச்சரின் கலர் விவரம் எழுதிய கார்டு பார்லரில்தான் இருந்தது. சிவப்பு மையில், பெரிய எழுத்தில், இன்ன கலர் மட்டும்தான் என்று எழுதி வைத்தவளும் நான்தான். படிக்கத் தெரிந்த யாரும் படித்துக்கொள்ளலாம். அந்தக் கார்டை நினைத்தால் நான் சொல்லும் காரணம் பாதியாகத் தேய்ந்துவிடுகிறது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டீச்சர் உறையூரில் விசாரித்து மாடிப்படி ஏறி வந்தார். அவரோடு அவர் தங்கை வந்தார். தங்கையின் சம்பந்தி வந்தார். அதே அபார்ட்மெண்டிலிருந்து வேறு சிலரும் வந்தார்கள். மேடம் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை. "நான் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

வந்தவர்கள் எத்தகையவர்கள் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். கல்லூரிப் பெண்கள் லேயர் கட் செய்துகொண்டு ஆறு மாதம் கழித்து வருவார்கள், அதுவும் எங்கே விலை குறைவோ அங்கே. மணப்பெண் அலங்காரம் கை நிறையக் கொடுக்கும், ஆனால் ஆவணியிலும் தையிலும் ஓடிவந்து ஆடியிலும் மார்கழியிலும் காணாமல் போய்விடும். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டிக்கொள்ளப் பல வீடுகளில் சம்மதிக்க மாட்டார்கள். அமாவாசை, வீட்டில் யாருக்காவது பிறந்த நட்சத்திரம் என்று இன்னும் நாட்கள் கழியும். கடை வாடகையைக் கட்டுவது நரைமுடிதான். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். நான்கைந்து வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிந்துவிடும். டச்-அப் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தால் வருடத்துக்குப் பத்து தடவையாவது கதவு திறக்கும். டீச்சர் மூலமாக வந்தவர்கள் அத்தனை பேரும் அப்படிப்பட்டவர்கள். சிறுதொழிலுக்கு அரசுத் திட்டத்தில் கிடைக்கும் முத்ரா கடனை, 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வாங்கி நாற்காலியும் பேசினும் போட்டிருந்த எனக்கு, அந்தத் தவணையை அடைத்தவர்கள் அவர்கள்தான்.

மேடத்தின் பக்கத்தை நான் அறியாதவள் இல்லை. அவர் தன் வீட்டுப் படுக்கையறையில் ஒரு கண்ணாடியை மாட்டித் தொழிலை ஆரம்பித்தவர். எனக்குப் புருவம் திருத்த நூல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர். முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங்கை நான் முதன்முதலில் செய்தபோது பின்னால் நின்று, ஒவ்வொரு இழையையும் விரலில் சுற்றி இழுத்துப் பார்த்து, "போதும், கழுவு" என்று நேரம் சொன்னவர். டீச்சர் அந்தக் கடைக்கு வந்தது ஏசிக்காகவும், பெயர்ப்பலகைக்காகவும், மேடம் பல வருடம் சேர்த்து வைத்த நல்ல பேருக்காகவும்தான். என்னைத் தேடி அல்ல. என் கையில் உட்கார்ந்த பிறகுதான் என்னைத் தேடி என்றாகியது. இதில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு என்னுடையது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

வேலைக்குச் சேரும்போது முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்: விலகினால் இரண்டு வருடம் பக்கத்தில் எங்கும் இதே தொழில் செய்யக்கூடாது என்று. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் இத்தகைய ஒப்பந்தம் செல்லாது. வக்கீல் ஒருவர் என்னிடம் இதைச் சொன்னபோது பெரிய பாரம் இறங்கியது. மேடம் ஒருநாளும் அந்தத் தாளை வெளியே எடுக்கவில்லை, அது வேறு விஷயம். அவர் என்னிடம் கேட்டது வாய்வார்த்தையாக. தாளைச் செல்லாது என்று சொல்லச் சட்டம் இருக்கிறது. என் தலையசைப்பைச் செல்லாது என்று சொல்ல எந்தப் பிரிவும் இல்லை.

அப்பாவும் சலூன்காரர்தான். பாலக்கரையில் கடை, செவ்வாய்க்கிழமை விடுமுறை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டப் பிரிவை, டீச்சரின் அலர்ஜியை, கேட்டவருக்குப் பதில் சொன்னதை. முழுவதும் கேட்டுவிட்டு, "சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டாயா, இல்லையா?" என்றார்.

"ஒப்புக்கொண்டேன்."

"அப்புறம் என்ன?"

அப்பா அப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவருடைய அப்பா கதையை அவருக்கே நினைவுபடுத்தினேன். தாத்தா லால்குடி பக்கத்துக் கிராமத்தில் முடிதிருத்தியவர். ஊர் வீடுகளை அவரும் அவர் தம்பியும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். இந்தத் தெரு அண்ணனுக்கு, அந்தத் தெரு தம்பிக்கு. அறுப்பு முடிந்ததும் களத்துக்குப் போய் அளந்து கொடுக்கிற நெல்லை வாங்கி வருவார்கள். எந்த வீடும் தன் ஆளை மாற்றிக்கொள்ள முடியாது, தாத்தாவும் தன் வீட்டை விட முடியாது. கொல்லைப்புறமாக வா என்றால் கொல்லைப்புறமாகத்தான் போக வேண்டும். ஒரு வீடு ஒருவருக்குச் சொந்தம் என்று எழுதி வைத்த அந்த ஏற்பாட்டில் பிறந்த குடும்பம் நம்முடையது, அதிலிருந்து வெளியே வருவதற்குத்தானே நீங்கள் திருச்சிக்கு வந்து கடை போட்டீர்கள், தனக்குப் பிடித்த கையைத் தேடிப் போகிற சுதந்திரம் டீச்சருக்கு உண்டா இல்லையா என்று கேட்டேன்.

"உண்டு. நான் அவர்களைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கிறேன்" என்றார் அப்பா.

இப்போதும் அந்த வாதத்தை நான் கைவிடவில்லை. கஸ்டமர் யாருடைய சொத்தும் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்ட பெண்மணிக்கு உண்மையான பதில் கிடைத்தாக வேண்டும். அதே நேரத்தில், எனக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது என்பதும், அந்தப் பதில் எனக்கு லாபமான பதில் என்பதும் தெரிந்தேதான் வாயைத் திறந்தேன். நஷ்டம் வரும் உண்மையாக இருந்திருந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. இதை எழுதும்போதும் ஒருநாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் வேறொன்று தோன்றுகிறது.

சமீபத்தில் டீச்சர் வருவது நின்றது. முதலில் ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். பிறகு வெக்காளியம்மன் கோவில் வாசலில் பார்த்தேன். வகிட்டில் வெள்ளை இல்லை. நிறம் என் கலவையைவிட ஒரு படி அடர்த்தி. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். "உன் கடைப் படி ஏற முடியவில்லை அம்மா, மூட்டு வலி. அங்கே கீழேயே இருக்கிறது" என்றார். மேடத்தின் பில்லில் முன்பு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து வரும். வருட வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் எனக்கு அது இல்லை, என் விலை குறைவாகத் தெரிந்ததற்கு அது ஒரு காரணம். 2025 செப்டம்பரில் அது 5 சதவீதமாகிவிட்டது. விலை வித்தியாசமும் பெரிதாக இல்லை, படியும் இல்லை. திரும்பிப் போனதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. யாருக்குச் சுதந்திரம் வேண்டும் என்று அப்பாவிடம் வாதாடினேனோ அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். அவர் மூலம் வந்தவர்கள் மட்டும் இன்னும் என்னிடம்தான் வருகிறார்கள்.

மார்கழியில் மேடத்திடமிருந்து போன் வந்தது. அந்தப் பழைய போனுக்குப் பிறகு முதல் தடவை.

"டீச்சருக்கு இப்போது என்ன போடுகிறாய்? கார்டில் இருப்பதைப் போட்டேன், கருமை கூடிவிட்டது."

நரை கூடிவிட்டதால் 4-ம் எண்ணைக் குறைத்து 5-ம் எண்ணை அதிகமாக்கிவிட்டதைச் சொன்னேன். நெற்றியில் ஆரம்பிக்க வேண்டும் என்பதைச் சொன்னேன். இடது காதோரம் தோல் மெலிந்திருப்பதால் அங்கே சீப்பின் முனை படக்கூடாது என்றும், கம்பெனி ஃபார்முலாவை மாற்றினால் மறுபடியும் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"மார்கழி எப்படிப் போகிறது?"

"மந்தம்தான் மேடம். தைக்குக் கல்யாணம் சில வந்திருக்கிறது."

"அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்பாவிடம் இதையும் சொன்னேன். "அப்படியென்றால் கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்கிறாயா?" என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. டீச்சரின் தலைக்கு எது ஆகாது என்பதை யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். அது மேடத்துக்குத் திருப்பிக் கொடுத்ததில் சேராது.